நீ எங்கட்டி உக்காருவ?

வீடு பார்க்கப் போன அன்று புரோக்கர் அதை 'பேட்டியோ' என்றார். ஓனர் அங்கிள் 'சிட்-அவுட்' என்றார். எனக்கு அது பின்கட்டு. சமையலறை, அதை ஒட்டி வாஷிங் மெஷின் வைக்கிற யுடிலிட்டி, அந்தக் கதவைத் திறந்தால் 10 அடிக்கு 14 அடியில் கறுப்புக் கடப்பா கல் பாவிய திறந்தவெளி. ஒரு மூலையில் துவைக்கிற கல், சுவரோரமாக ஓனர் விட்டுவைத்த ஏழெட்டுப் பூந்தொட்டி, நாலடி காம்பவுண்டு, அதற்கு அந்தப் பக்கம் ராஜகாலுவே. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பெயரைக் கேட்டு ஏதோ அரண்மனை வாய்க்கால் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போவதற்காக இருந்த கால்வாய், இன்றைக்குப் பல இடங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்க வேண்டிய சாக்கடை.

இருந்தாலும் பெங்களூர் லிங்கராஜபுரத்தில், நாங்கள் கொடுக்கிற வாடகைக்கு, தலைக்கு மேல் வானம் தெரிகிற ஒரு இடம் கிடைத்ததே லாட்டரி அடித்த மாதிரி. அதுவரை மாரத்தஹள்ளியில் மூன்றாவது மாடி. பிள்ளைகளுக்கு வெளியே என்றால் லிஃப்ட்டுக்கு முன்னால் இருக்கிற நடைபாதை, அவ்வளவுதான். 2023 டிசம்பரில் பால் காய்ச்சிக் குடிவந்தோம். பெரியவளுக்கு அப்போது நாலு வயது முடியவில்லை, சின்னவனுக்கு ஒன்றரை.

வந்த முதல் மாதம் எனக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ராத்திரி பிள்ளைகள் தூங்கியதும் போனை எடுத்து உட்கார்ந்து, வெள்ளைக்காரர்கள் வீட்டுத் தோட்டப் படங்களாகப் பார்த்துத் தள்ளினேன். செயற்கைப் புல், பைன் மரத்தில் குட்டி மேசையும் இரண்டு நாற்காலியும், பிளாஸ்டிக் சறுக்கு, துணிக் கூடாரம், சுவரில் தொங்கவிட மின்மினி விளக்கு. எல்லாம் வந்து இறங்கியபோது முப்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் போயிருந்தது. நாலு நாள் விளையாடினார்கள். ஐந்தாம் நாள் இரண்டு பேரும் சமையலறை வாசலில், என் காலடியில், இட்லித் தட்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

பொங்கலுக்குத் தென்காசியிலிருந்து அம்மா வந்தாள். பெருமையாகக் கதவைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள், சறுக்கை ஒரு தட்டு தட்டினாள், கூடாரத்துக்குள் குனிந்து எட்டிப் பார்த்தாள். "இம்புட்டும் வாங்கிப் போட்டுருக்க, சரி. நீ எங்கட்டி உக்காருவ?" என்றாள்.

"நான் எதுக்கும்மா உக்காரணும்? பிள்ளைங்க விளையாடத்தானே வாங்கினது."

அம்மா பதில் சொல்லவில்லை. யுடிலிட்டி படியில் முந்தானையைத் தட்டிப்போட்டு உட்கார்ந்து பூண்டு உரிக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் வெளியிலேயே விளையாடினார்கள். புல்லின் மகிமை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஊருக்குப் போன பிறகு அந்த மகிமை எங்கே போனது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

முதலில் காலை வாரியது அந்தப் புல்தான். பெங்களூர் மலைமேல் இருக்கிற ஊர், குளுகுளுவென்று இருக்கும் என்பதெல்லாம் பழைய கதை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம் என்பது உண்மைதான், ஆனால் 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி அடித்திருக்கிறது, நாங்கள் வந்த அடுத்த ஏப்ரலிலும் 38-ஐத் தாண்டியது. பிளாஸ்டிக் புல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். நிஜப் புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்த்திக்கொள்ளும், இதற்கு அந்த வித்தை தெரியாது. மார்ச் மத்தியானம் ஒருநாள் சின்னவன் வெறுங்காலோடு இறங்கி, அலறி, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அங்கேயே நின்றான். பின்னால் வரவும் தெரியவில்லை. புல்லைச் சுருட்டலாம் என்று தூக்கினால் அடியில் எறும்புப் புற்று, அழுகல் நாற்றம், அம்மா தெளித்துக் கழுவிய தண்ணீரெல்லாம் காயாமல் பச்சைப் பாசி. அப்படியே சுருட்டிக் குப்பை வண்டியில் போட்டேன். கடப்பா கல் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை, கறுப்பு நிறம், அதுவும் சுடும். ஆனால் ஒரு வாளி தண்ணீர் விட்டால் பத்து நிமிஷத்தில் ஆறிவிடும்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இந்த இடத்தில் எத்தனை மணிக்கு எங்கே வெயில் அடிக்கிறது என்றே பார்க்காமல் சாமான் வாங்கியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவளும் நானும் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, மணிக்கொரு தரம் நிழலின் விளிம்பைத் தரையில் கோடு போட்டு, பக்கத்தில் 9, 10, 11 என்று எழுதினோம். அவளுக்கு எண் எழுதப் பழகினதும் அன்றைக்குத்தான், 9-ஐ இன்னும் திருப்பித்தான் போடுகிறாள். எங்கள் பின்கட்டு மேற்குப் பார்த்தது. காலையில் வீட்டின் நிழல், மத்தியானம் ஒரு மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். டிசம்பரில் வந்தபோது மட்டும் மத்தியானத்திலும் பாதி இடம் நிழலாக இருந்ததே என்று குழம்பி, அப்புறம் புரிந்தது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், தெற்குப் பக்கத்து மூன்று மாடி வீடு தன் நிழலை எங்களுக்குக் கடன் கொடுத்திருந்தது. ஏப்ரல் 24, 25 வாக்கில் பெங்களூரில் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும், நட்ட கம்புக்கு நிழலே விழாது. ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி ஒருமுறை. அந்த நாள் எங்கள் கடன்கார நிழல் சுவரோடு சுவராக ஒட்டிப்போய்விட்டது. வீடு பார்க்கிறவர்கள் டிசம்பர் நிழலை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

நிழல்வலை கட்டினோம், 75 சதவீதம் வெயிலை மறைக்கிற பச்சை வலை. ஓனர் சுவரில் துளை போடக் கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் நாலு பெயின்ட் டப்பாவில் கான்கிரீட் போட்டு ஜி.ஐ. இரும்புப் பைப்பை நட்டு, மேலே சட்டம். வெல்டர் ஒரு நல்ல புத்தி சொன்னார்: வலையின் மூன்று பக்கத்தைக் கனமான நைலான் கயிற்றால் கட்டுங்கள், நாலாவது பக்கத்தை மட்டும் மெல்லிய சணலால் கட்டுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே மாங்காய் மழை வரும், சாயங்காலம் காற்று திடீரென்று சுழற்றி அடித்து மரங்களையே சாய்த்துவிடும். சணல் அறுந்தால் வலை கொடி மாதிரி பறந்துகொண்டிருக்கும், பைப் பிழைத்துவிடும். இரண்டு முறை அறுந்தது. இரண்டு முறையும் பைப் நின்றது.

அந்த மழையில்தான் பைன் மேசை போனது. 'அவுட்டோர்' என்று போட்டுத்தான் விற்றார்கள், எந்த ஊர் அவுட்டோரோ. மேல்பலகை பப்படம் மாதிரி வளைந்து, ஓரத்தில் செதில் செதிலாக எழும்பி, திருகாணியெல்லாம் துருவாக ஒழுகியது. அதைவிடக் கோபம், அது முதலிலிருந்தே அளவு சரியில்லை. பெரியவள் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. கால் ஊன்றாத பிள்ளை ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காராது, நெளியும், அதை நாம் கவனச்சிதறல் என்று திட்டுவோம். முழங்காலுக்குப் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்தால் போதும், அதுதான் இருக்கை உயரம். மேசை அதற்கு மேல் ஏழெட்டு அங்குலம். பெரியவளுக்கு அது 10-க்கும் 18-க்கும் அருகில் வந்தது. 10 அங்குலத்தில் என்ன நாற்காலி கிடைக்கும் என்று தேடவே வேண்டியிருக்கவில்லை, பாத்ரூமில் இருந்த பிளாஸ்டிக் முக்காலி சரியாக அந்த உயரம். பரணில் கிடந்த பழைய டீப்பாயின் காலை அடுத்த தெரு ஆசாரி 18 அங்குலத்துக்கு அறுத்து, நாலு முனையையும் இழைத்து, உப்புத்தாள் போட்டுக் கொடுத்தார். கூலி 300 ரூபாய். முக்காலியின் இன்னொரு நன்மை, ஒன்றரை வயசுப் பிள்ளையே தூக்கிக்கொண்டு அலையலாம். ரயில், டிரம், பூனைக்கு வீடு, எல்லாம் ஆனது. ஒருநாள் ஏணியும் ஆனது.

அதைச் சொல்லத்தான் வேண்டும். முக்காலியைத் தொட்டி மேல் வைத்து, அதன் மேல் ஏறி, காம்பவுண்டுச் சுவரின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, ராஜகாலுவேயைப் பார்த்து "பன்னி! பன்னி!" என்று பெரியவள் கத்தியபோது நான் உள்ளே குக்கர் விசில் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்றி நிஜமாகவே இருந்தது. அன்று சாயங்காலமே சுவரோரத் தொட்டியெல்லாம் எதிர்ப்பக்கம் போயின. மாடி, பால்கனி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும்: கைப்பிடிச் சுவரோரம் காலை வைத்து ஏற எதுவும் இருக்கக் கூடாது, கம்பிகளுக்கு இடையில் 4 அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்கிற சந்துதான் ஆபத்தான சந்து.

தொட்டிகளை நகர்த்தியபோது அதில் என்ன செடி இருக்கிறது என்று முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு அரளி. ஊரில் பிறந்தவர்களுக்கு அரளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, இலை, பூ, தண்டு, விதை என்று முழுச் செடியும் இதயத்தைப் பிடிக்கிற விஷம். அது அன்றே ஓனர் வீட்டுக்குத் திரும்பிப் போனது. ஆனால் நான் சந்தேகமே படாமல் விட்டது, வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலையோடு அழகாக நின்ற டிஃபன்பேக்கியாவை. சின்னவன் அதன் இலையைக் கடித்துவிட்டான். ஒரு நொடி அமைதி, அப்புறம் வாயைத் திறந்தபடியே அழுகை, உதடு தடித்து எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. வாயைத் துடைத்துக் கழுவி, குளிர்ந்த பால் கொடுத்து, டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொண்டை வீங்கவில்லை, மூச்சு சரியாக இருக்கிறது என்று பார்த்து அனுப்பினார். சாயங்காலம் ரசஞ்சாதம் கேட்டான். அம்மாவிடம் போனில் சொன்னபோது, "சேப்பங்கிழங்கு இலையாட்டம் இருக்குமே, அதா?" என்றாள். அதேதான். சேம்பு, சேனை, கருணை எல்லாம் அந்தக் குடும்பம். ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் அதற்குள் இருக்கும், நாக்கில் குத்தும், அதற்காகத்தானே நாம் புளி விட்டு வேகவைக்கிறோம். வீட்டுக்கு வீடு தொங்குகிற மணி பிளான்ட்டும் இதே வகையறா. இப்போது எங்கள் தொட்டிகளில் கற்பூரவல்லி, துளசி, செம்பருத்தி, சங்குப்பூ. கற்பூரவல்லியை இரண்டு பேரும் மேய்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள், அதனால்தான் அது பெரிதாகவே இல்லை.

தண்ணீர் விளையாட்டுக்கு மேசை வாங்கலாம் என்று இருந்தேன். நல்லவேளை வாங்கவில்லை. 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம், குடிதண்ணீரில் கார் கழுவினாலோ தோட்டத்துக்கு ஊற்றினாலோ 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்திருந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மேசை என்றால் அக்கம்பக்கத்தில் அடிக்கவே வந்திருப்பார்கள். அரிசி களைந்த தண்ணீரை ஒரு அகலமான எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊற்றி, இரண்டு டம்ளரும் ஒரு புனலும் கொடுத்தேன். அரை மணி நேரம் ஓடியது. முடிந்ததும் செம்பருத்திக்கு. தாம்பாளமும் வாளியும் உடனே கவிழ்த்து வைக்கப்படும், அதில் மட்டும் நான் ராட்சசி. தத்தி நடக்கிற பிள்ளைக்கு உடம்போடு பார்த்தால் தலை கனம், வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானாக நிமிர முடியாது, இரண்டு மூன்று அங்குலத் தண்ணீரே போதும், சத்தம்கூட வராது. அதோடு டெங்குக் கொசு முட்டையிடுவது சாக்கடையில் இல்லை, இப்படித் தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிப் பகலிலேயே கடிக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டும் இதில் சேர்த்தி.

மணல் தொட்டி கதை தனி. இங்கே கட்டட வேலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் எம்-சாண்ட், கருங்கல்லை உடைத்து அரைத்தது, கூர்மையும் தூசியுமாக இருக்கும், பிள்ளைகளின் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. ஆற்று மணல் கிடைத்தாலும் மூடி போடாவிட்டால் தெருப் பூனைகள் அதைக் கக்கூஸாக்கிவிடும். சின்னவன் எதையும் வாயில் போட்டுப் பார்க்கிற வயது. சரி, வாயில் போட்டாலும் பரவாயில்லாத பொருள் எது என்று யோசித்து, ஐந்து கிலோ ராகி வாங்கி ஒரு டப்பில் கொட்டினேன். இந்த ஊரில் ராகிக்கா பஞ்சம்? அவ்வளவு மிருதுவாகக் கையில் வழிந்து ஓடும், எனக்கே கையை எடுக்க மனசு வராது. ஒரு ராத்திரி டப்பை உள்ளே எடுத்துவைக்க மறந்து மழை பெய்துவிட்டது. மூன்றாம் நாள் பார்த்தால் டப்பு முழுக்க வெள்ளை முளை. அம்மாவாக இருந்தால் காயவைத்து வறுத்துச் சத்துமாவு அரைத்திருப்பாள். பெரியவள் ஒரு பிடி எடுத்துக் காலித் தொட்டியில் போட்டாள், அது முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து, கை விரல் மடக்கின மாதிரி கதிர்கூட விட்டது. சன்னபட்டணத்தில் செய்த மர விளையாட்டு உருளைகளும் அன்றைய மழையில் நனைந்து அரக்கின் பளபளப்பு மங்கிப்போயின, அதுதான் வருத்தம். அவற்றைச் செய்கிற மரத்தை ஆலெ மரம் என்று கன்னடத்தில் சொல்கிறார்கள், நம் ஆலமரம் இல்லை, வெட்பாலை; வீட்டுக்குள் வைத்து விளையாட வேண்டிய சாமான்.

இவ்வளவும் சரிசெய்த பிறகும் பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தார்கள். நிழல் இருக்கிறது, அளவான மேசை இருக்கிறது, விஷச்செடி இல்லை. என்னதான் வேண்டும் இவர்களுக்கு? ஜூனில் ஒரு சாயங்காலம், கரண்ட் போய், வீட்டுக்குள் புழுக்கம் தாங்காமல் நான் காபி டம்ளரோடு துவைக்கிற கல்லின் மேல் ஏறி உட்கார்ந்தேன். உடனே இரண்டு பேரும் வந்தார்கள். வந்தவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் காலுக்குப் பக்கத்தில் முக்காலியைக் கவிழ்த்து ஏதோ கடை வைத்தார்கள், சண்டை போட்டார்கள், சமாதானம் ஆனார்கள், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருட்டின பிறகு நான் எழுந்ததும் அவர்களும் எழுந்துவிட்டார்கள்.

அதுவரை ஆறு மாதமாக நான் அங்கே நின்றுகொண்டே இருந்திருக்கிறேன். இடுப்பில் கை, கண் சமையலறைப் பக்கம். நிற்கிற அம்மா கிளம்பப் போகிற அம்மா என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அம்மா வீட்டுத் திண்ணை அப்போது ஞாபகம் வந்தது. அங்கே எங்களுக்கென்று ஒரு விளையாட்டுச் சாமானும் கிடையாது. ஆச்சி ஒரு தூணில் சாய்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள், பக்கத்து வீட்டு மாமா பேப்பரை எழுத்து எழுத்தாக மேய்ந்துகொண்டிருப்பார், அவர்கள் காலடியில் நாங்கள் பொழுது சாயும்வரை கிடப்போம். எங்களை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை. அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

திண்ணை கட்ட ஓனர் விடமாட்டார். பக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு சப்படிக் கல், அதாவது பலகைக் கல், வாங்கினோம், சாதரஹள்ளிச் சாம்பல் கருங்கல், 5 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அங்குலக் கனம். கிட்டத்தட்ட 90 கிலோ. மேஸ்திரி தர்மபுரிக்காரர், "அக்கா, மேல டைல்ஸ் ஒட்டிரலாம், பளபளன்னு இருக்கும்" என்றார். வேண்டாம் என்றேன், நனைந்தால் வழுக்கும். கீழே ஹாலோ பிளாக், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு, 16 அங்குல உயரம். சும்மா தூக்கி வைக்க நான் சம்மதிக்கவில்லை, பிள்ளைகள் தொங்கினால் கல் சரியக் கூடாது, அதனால் சிமெண்ட் கலவை போட்டுப் பதித்தார். முன்பக்க விளிம்பையும் இரண்டு மூலைகளையும் மெஷின் வைத்து உருட்டிவிடச் சொன்னேன், என் ஒரே ஆடம்பரம் அது. கல், ஆட்டோ, கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு. பிளாக்கின் ஓட்டைகள் பொம்மைக் கார் நிறுத்துமிடம் ஆகும் என்று திட்டமெல்லாம் போட்டிருந்தேன். கார்களோடு கரப்பானும் வந்து நின்றது, அடுத்த வாரமே ஓட்டைகளைப் பூசிவிட்டோம்.

இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் அதில் உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறேன். சின்னவனுக்கு அந்தக் கல் இடுப்பளவுக்கு நிற்கிறது, நின்றபடியே மாவு உருட்ட அதைவிட நல்ல மேசை எந்தக் கடையிலும் இல்லை. டீப்பாய் ஓரமாகக் கிடக்கிறது. அடுத்த வருஷ மே மாத லீவில் அம்மா வந்தபோது பைப் சட்டத்தில் சேலையைக் கட்டித் தூளி போட்டுக் கொடுத்தாள். ஊஞ்சல் வாங்கித் தரவில்லையே என்ற குறையும் தீர்ந்தது, ஆடி முடித்ததும் அவிழ்த்து மடித்து உள்ளே வைத்துவிடுவோம், தொங்குகிற துணியும் கயிறும் கழுத்தில் மாட்டுகிற சமாச்சாரம். சறுக்கு வெயிலில் மொறமொறத்து ஒரு பக்கம் விரிசல் விட்டதால் போன மாதம் பழைய சாமான்காரரிடம் கொடுத்தாயிற்று. கல்லைப் பார்த்து அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதில் பாதி இடத்தை அவள் எடுத்துக்கொண்டாள்.

போன வாரம் ஓனர் அங்கிள் தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்தவர், அந்தக் கல்லில் உட்கார்ந்து காபி குடித்தார். இரண்டாவது காபியும் குடித்தார். சின்னவன் அவர் செருப்பை எடுத்துப் போய்க் கூடாரத்துக்குள் வைத்ததைக்கூடக் கண்டுகொள்ளவில்லை. கிளம்பும்போது கல்லைத் தடவிப் பார்த்து, காலி பண்ணும்போது இதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார் கன்னடத்தில். முதலில் இந்த வருஷ வாடகை ஏற்றத்தைப் பேசலாம், கல்லைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார் என் வீட்டுக்காரர் தமிழில். ஓனர் அங்கிளுக்கு நன்றாகப் புரிந்தது.